இன்ஜின் நின்ற பிறகு நான்கு நிமிடங்கள்

2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்கு அருகே, சிறிய பயிற்சி விமானம் ஒன்று நடுச்சாலையில் இறங்கி நின்றது. விமானத்தின் முன்பக்கம் சேதமானது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று செய்திகள் கூறின. அந்தப் படங்களைப் பார்க்கிற எவருக்கும் எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: ஒரே ஒரு இன்ஜின் உள்ள விமானத்தில், நடுவானில் அந்த ஒன்றும் நின்றுவிட்டால் விமானம் அப்படியே விழுந்துவிடாதா?

விழாது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் அல்ல, இறக்கை. இறக்கையின் மேலும் கீழும் காற்று போதிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது எடையைத் தாங்கும். சமமட்டத்தில் பறக்கும்போது அந்த வேகத்தைத் தருவது இன்ஜினின் வேலை. இன்ஜின் நின்றால் வேகத்தை வேறிடத்திலிருந்து பெற வேண்டும். மூக்கைச் சற்றே தாழ்த்தினால் விமானத்தின் எடையே அதை முன்னோக்கி இழுத்துச் செல்லும். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மிதிக்காமலே ஓடுவதுபோலத்தான். உயரம் குறையும், வேகம் நிலைக்கும். கையில் இருக்கும் உயரமே இனி எரிபொருள்.

எவ்வளவு தூரம் போகலாம்? பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் இருக்கும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறில்லை. இன்ஜின் இல்லாமல் இது ஒரு அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னேறும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லலாம். அதற்கு ஆகும் நேரம் நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகம்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரே ஒரு வேகத்தில்தான் சரியாக வரும். செஸ்னா 172-இன் பழைய வகைகளுக்கு அது 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். அதைவிடச் சிறிய செஸ்னா 152-க்கு 60 நாட். இந்த வேகத்தைவிடக் கூடுதலாகப் போனாலும் தூரம் குறையும், மெதுவாகப் போனாலும் குறையும். மெதுவாகப் போவதில் இன்னொரு பெரிய ஆபத்தும் இருக்கிறது.

மனித இயல்பு என்ன? தரை நெருங்கி வரும்போது கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கத் தோன்றும். இழுத்தால் மூக்கு நிமிரும். விமானம் மேலே போகப் பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் வேகம் குறைகிறது, காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் கூடுகிறது. ஒரு எல்லைக்குமேல் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்து கலைந்துவிடும். தாங்கும் விசை சட்டென்று சரியும். இதைத்தான் விமானிகள் ஸ்டால் என்கிறார்கள். ஒரு பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். உயரத்தில் நடந்தால் மீட்டுவிடலாம். 300 அடியில் நடந்தால் மீட்க இடமில்லை. இன்ஜின் நிற்பது தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை, அதற்குப்பின் வேகத்தைக் கைவிடுவதே கொல்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பயிற்சி மாணவருக்கு முதல் பாடமும் இதுதான்: மற்றதெல்லாம் பிறகு, முதலில் மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி.

சரி, இன்ஜின் ஏன் நிற்கிறது? பாகம் உடைவதால்தான் என்று நாம் நினைப்போம். உடைவதும் உண்டு: எண்ணெய் கசிந்து இன்ஜின் இறுகிப்போவது, வால்வு சிக்கிக்கொள்வது, சிலிண்டர் விரிசல் விடுவது. ஆனால் நல்ல நிலையிலுள்ள இன்ஜினும் நிற்கும். எரிபொருள் தீர்ந்துபோவது ஒன்று. டாங்கியில் எரிபொருள் இருந்தும் இன்ஜினுக்குப் போய்ச் சேராதது இன்னொன்று. செஸ்னா 172-இல் இரண்டு இறக்கை டாங்கிகளிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்கும்படி வால்வைத் திருப்பி வைக்கலாம். பைப்பர் வகைப் பயிற்சி விமானங்களில் அந்த வசதி இல்லை. இடதா வலதா என்று விமானிதான் அவ்வப்போது மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டாங்கி நிறைந்திருக்கும்போதே இன்ஜின் அணையும்.

தண்ணீர் கலப்பதும் உண்டு. பறக்கும் முன் மாணவர் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் டாங்கியின் அடியிலிருந்து எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைக் காணலாம். இந்த இன்ஜின்களுக்கான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். தண்ணீர் கனமானது, நிறமற்ற குமிழாக அடியில் தங்கும். அந்தக் குவளை சடங்குக்காகப் பிடிப்பதல்ல.

வெப்ப நாட்டில் நம்பக் கடினமான காரணம் ஒன்று: பனிக்கட்டி. கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை 20, 30 டிகிரி வரைகூடச் சரியும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் உள்ளேயே உறைந்து காற்றுப் பாதையை அடைக்கும். வெளியே 25 டிகிரி வெப்பத்தில்கூட இது நடக்கும். குறிப்பாக இன்ஜினைக் குறைத்துவைத்து இறங்கும்போது. கடலோரத்து ஈரக் காற்றில் பறப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இதற்காகவே சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் திருப்பிவிடும் குமிழ் ஒன்று காக்பிட்டில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதி முதல் வந்த செஸ்னா 172-களில் கார்புரேட்டரே இல்லை. எரிபொருள் நேராகப் பீய்ச்சப்படுகிறது. ஆனால் பழைய விமானங்கள் இன்னும் நிறையப் பறக்கின்றன.

மின்கலம் செத்தால் இன்ஜின் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வகை இன்ஜின்களில் நிற்காது. இன்ஜினின் சுழற்சியிலேயே மின்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ இரண்டு உண்டு; ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். ஓடுபாதைக்குப் போகும் முன் ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனித்தனியாக அணைத்துப் பார்ப்பது கட்டாயம்.

ஆக, வேகத்தைப் பிடித்து, இறங்கும் இடத்தை நோக்கித் திரும்பியதும், மாணவர் கை தானாகப் போக வேண்டிய இடங்கள் இவை: கார்புரேட்டர் சூடு, எரிபொருள் வால்வு, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைக் குமிழ், மேக்னெட்டோ சாவி. புரொப்பெல்லர் பெரும்பாலும் காற்றில் சுழன்றுகொண்டேதான் இருக்கும்; சினிமாவில் காட்டுவதுபோல அசையாமல் நின்றுவிடுவது அரிது. அதனால் காரணம் சரியானால் இன்ஜின் தானே மறுபடி பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் அதை உசுப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. உயரம் கரைகிறது. உயரமும் நேரமும் இருந்தால் ரேடியோவில் மேடே என்ற அபாய அழைப்பை மூன்று முறை சொல்லி, எங்கே இருக்கிறேன், என்ன நடந்தது, எத்தனை பேர் என்று அறிவிக்க வேண்டும். விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண்ணைப் போட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் விமானம், அப்புறம்தான் பேச்சு.

இடம் தேர்வதுதான் எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டும் கலை. நல்ல விமானி இன்ஜின் நின்றபிறகு இடம் தேடுவதில்லை. பறக்கும் ஒவ்வொரு கணமும், இப்போது நின்றால் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பார். காற்றின் திசையும் தெரிந்திருக்கும். புகை சாயும் பக்கம், தென்னங்கீற்று வளையும் பக்கம், ஏரித் தண்ணீரில் அலை போகும் போக்கு எல்லாம் சொல்லிவிடும். எதிர்காற்றில் இறங்குவது ஏன் அவ்வளவு முக்கியம்? விமானம் காற்றோடு ஒப்பிட்டு 60 நாட்டில் வருகிறது, காற்று 15 நாட் வீசுகிறது என்று கொள்வோம். எதிர்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 45 நாட். காற்றை முதுகில் வாங்கி இறங்கினால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், இரண்டாவது இறக்கம் முதலாவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கடுமையானது.

நம் ஊர் நிலத்தை வானிலிருந்து பார்த்தால் எல்லாம் மட்டமாகத் தெரியும். வயல் பச்சைக் கம்பளமாகத் தெரிகிறதே என்று நட்ட வயலில் இறங்கினால், சேற்றில் முன்சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். வரப்புகள் மேலிருந்து கோடுகளாகத்தான் தெரியும். சக்கரத்துக்கு அவை சுவர். கரும்பும் சோளமும் தேவலை, உயரமான பயிர் வேகத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் உச்சியைத் தரையென்றே எண்ணி மெதுவாக அமர வேண்டும். அறுவடை முடிந்து காய்ந்த நிலம் நல்லது. உழுத நிலமென்றால் உழவுச் சாலின் போக்கிலேயே இறங்க வேண்டும், குறுக்கே கூடாது. 2022 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் இந்தாப்பூர் வட்டத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்த பயிற்சி மாணவி ஒருவரின் விமானம் வயலில் இறங்கிக் கவிழ்ந்தது. அவர் சிறு காயங்களோடு வெளியே வந்தார். கவிழ்ந்தும் பிழைக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாலை? நார்த்தாமலை அருகே நடந்தது நல்லபடியாக முடிந்தது. என்றாலும் சாலை விமானியை ஏமாற்றும் இடம். நீளமாக, கெட்டியாக, நேராகத் தெரியும். ஆனால் நடுத்தடுப்பு இருக்கும், வழிகாட்டிப் பலகை இருக்கும், எதிரே பேருந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக மின்கம்பி இருக்கும். வானிலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். கம்பங்கள் சாலையின் இருபுறமும் இருந்தால் குறுக்கே கம்பி ஓடுகிறது என்றே கொள்ள வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத வெற்று நிலம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது சாலையைத் தேர்வது, கீழே போகிறவர்களின் உயிரையும் பந்தயம் வைப்பது என்பதே என் எண்ணம்.

இடத்தைத் தேர்ந்த பின் நேராக அதை நோக்கி ஓடிவிடக் கூடாது. தேர்ந்த நிலத்தின் பக்கவாட்டில் சுமார் 1,000 அடி உயரத்தில் வந்து சேர்ந்து, வழக்கமான தரையிறக்கத்தைப்போலவே வளைந்து வர வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். உயரம் மிஞ்சினால் குறைக்க வழிகள் உண்டு: இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை இறக்கலாம், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிடலாம். உயரம் போதாமல் போனால் அதற்கு மருந்தே கிடையாது. எட்டவில்லையே என்று மூக்கை நிமிர்த்தினால் சறுக்கல் நீளும் என்று தோன்றும், உண்மையில் குறுகும். எத்தனை பேர் இந்தப் பொய்த்தோற்றத்தில் நிலத்தின் விளிம்புக்கு முன்னாலேயே ஸ்டால் ஆகியிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கடைசி நிமிடத்தில் இன்னொரு வேலை. கலவைக் குமிழை இழுத்து எரிபொருளை நிறுத்த வேண்டும், வால்வை மூட வேண்டும், மேக்னெட்டோவை அணைக்க வேண்டும், ஃப்ளாப்பை இறக்கியபின் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். இவையெல்லாம் தீயைத் தவிர்க்க. பிறகு கதவைத் தாழ் நீக்கி வைக்க வேண்டும். மோதலில் சட்டம் நெளிந்தால் மூடிய கதவு திறக்காது.

இதுவரை சொன்னது உயரம் இருக்கும்போது. எழும்பிய உடனே இன்ஜின் நின்றால் கதை வேறு. பின்னால் நீளமான, பழகிய ஓடுபாதை கிடக்கிறது. திரும்பிவிடலாம் என்று மனம் துடிக்கும். கணக்கைப் பாருங்கள். 300 அடியில் இன்ஜின் நிற்கிறது. என்ன நடந்தது என்று புரியவே நான்கு வினாடி போய்விடும். 65 நாட்டில் வழக்கமான மிதமான திருப்பத்தில் அரைவட்டம் அடிக்க 60 வினாடி. திரும்பி முடித்தால் விமானம் ஓடுபாதைக்கு நேராக இருக்காது, ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் பக்கத்தில் தள்ளி இருக்கும். அதை நோக்கி இன்னும் திரும்ப வேண்டும். மொத்தம் 75 வினாடிக்கு மேல். நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கினால் 1,250 அடியாவது வேண்டும், இருப்பது 300. வேகமாகத் திரும்ப இறக்கையை 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 60 டிகிரி சாய்த்தால் 40 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் பயிற்றுநர்கள் குறைந்த உயரத்தில் திரும்பாதே, நேரே முன்னால், கொஞ்சம் இடமோ வலமோ பார்த்து இறங்கு என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. இந்தியானா ஜோன்ஸ் படங்களில் நடித்த ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று, அமெரிக்காவின் சாண்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து தனது ரையான் விமானத்தில் எழும்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ விமானிகளுக்குப் பாலபாடம் சொல்லிக்கொடுத்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் அது. எழும்பிச் சிறிது நேரத்தில், சுமார் 1,100 அடியில், இன்ஜின் சக்தியை இழந்தது. உடனே திரும்புகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லித் திரும்பத் தொடங்கினார். எட்ட முடியாது என்று தெரிந்ததும் ஓடுபாதை ஆசையை விட்டுவிட்டு, மணிக்கு 85 மைல் வேகத்தைக் காப்பதிலேயே கவனம் வைத்தார். பக்கத்தில் இருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தை நோக்கிப் போனார். வழியில் உயரமான மரத்தின் உச்சியில் இடித்து, மைதானத்தில் விழுந்தது விமானம். பலத்த காயம், ஆனால் 72 வயதில் பிழைத்தார். பிறகு மறுபடியும் பறந்தார்.

விசாரணை சொன்னது இன்னும் படிப்பினையானது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் சின்னஞ்சிறு திருகு ஒன்று தன் இடத்திலிருந்து கழன்றிருந்தது. அதனால் அளவுக்கு மீறிய பெட்ரோல் போய் இன்ஜின் அணைந்தது. சுமார் 17 ஆண்டுகளுக்கு முன் விமானம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தக் கார்புரேட்டரும் பிரித்துச் சீர்செய்யப்பட்டது. இடையில் அந்தத் திருகைச் சோதிக்கும்படி பராமரிப்புக் கையேட்டில் தனிக் குறிப்பு இல்லை. தோள் பெல்ட்டோ, போதிய வலுவூட்டல் இல்லாமல் இருக்கையின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருந்தது. காயம் கடுமையானதற்கு அதுவும் காரணம் என்று அறிக்கை பதிவு செய்தது.

பெல்ட் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், மோதலில் தீர்மானிப்பது எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது. பழைய விதிகளின்படியே சிறு விமானத்தின் இருக்கையும் பெல்ட்டும் முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பைப்போல 9 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அந்த விசைக்குள் நிற்க, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்று மீட்டர்கூட வேண்டாம். வேகம் 160 ஆனால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இறக்கையையும் சக்கரத்தையும் மூக்கையும் தியாகம் செய்து, உட்காரும் கூண்டைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து இறக்கைகளை இழப்பது மோசமான முடிவு அல்ல. விமானத்தைக் காப்பாற்றும் ஆசையில் வேகத்தை இழப்பதுதான் மோசமான முடிவு.

மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்துவிட்டு, இன்ஜின் போச்சு, எங்கே இறங்குவாய் என்பார். மாணவர் எல்லாவற்றையும் செய்துகாட்டி, நிலத்தை எட்டுவது உறுதியானதும் மறுபடி சக்தி கொடுத்து மேலே ஏறுவார். உண்மையில் நடப்பதில் முழுச் செயலிழப்பைவிடக் குழப்பமானது அரைகுறைச் செயலிழப்பு: இன்ஜின் இருமுகிறது, பாதிச் சக்தி தருகிறது, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஆசை காட்டுகிறது. அதை நம்பி நல்ல நிலங்களைத் தாண்டிப்போய், பிறகு ஊருக்கு மேலே முழுதும் நின்றுபோனால் தேர்வே இருக்காது. இதற்குப் பயிற்சி இன்னும் அதிகம் வேண்டும். சிரஸ் போன்ற சில விமானங்களில் முழு விமானத்தையும் இறக்கும் பாராசூட் உண்டு. பெரும்பாலான பயிற்சி விமானங்களில் இல்லை.

உங்கள் ஊர் வயலில் இப்படி ஒரு விமானம் இறங்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 112-ஐ அழையுங்கள். இறக்கைகளுக்குள் பெட்ரோல் இருக்கும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகே வேண்டாம், ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நினைவிருந்தால் கதவைத் திறந்து வெளியே வர உதவுங்கள். தீயோ பெட்ரோல் கசிவோ இல்லை, அடிபட்டவர் கழுத்து வலி என்கிறார் என்றால் இழுக்காமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். கவிழ்ந்து தொங்குகிறவரின் பெல்ட்டைச் சட்டென்று கழற்றாதீர்கள். தலை மோதும், உடலைத் தாங்கிக்கொண்டு கழற்றுங்கள். புரொப்பெல்லரைக் கையால் தொடவே கூடாது. மேக்னெட்டோ அணைக்கப்படாமல் இருந்தால் அசைத்த மாத்திரத்தில் அது சுழன்று அடிக்கக்கூடும். விமானத்தை நகர்த்தாதீர்கள், துண்டுகளை எடுக்காதீர்கள், காக்பிட்டில் எந்தக் குமிழையும் திருப்பாதீர்கள். ஒரு வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை வைத்துத்தான் விபத்து விசாரணைப் பிரிவினர் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்.